ஒரு நாற்காலியின் வம்சம்

இதைப் படிக்கும் இந்த நிமிஷத்தில் நீங்கள் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள்? எழுந்து பார்க்காமல் சொல்லுங்கள். கைப்பிடி மரமா, ரெக்சினா? முதுகு எந்த இடத்தில் ஒட்டுகிறது, எந்த இடத்தில் அந்தரத்தில் நிற்கிறது? திணறுவீர்கள். தினம் எட்டு மணி நேரம் நம் எடையைச் சுமக்கிற சாமானைப் பற்றி நமக்கு ஓர் அபிப்பிராயமும் கிடையாது. சினிமாவை விமர்சிக்க ஆட்டோ ஸ்டாண்டுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஓட்டல் சாம்பாரை விமர்சிக்க வீட்டுக்கு வீடு ஆள் உண்டு. நாற்காலியை மட்டும் யாரும் விமர்சிப்பதில்லை. அரசியல்வாதியின் நாற்காலி ஆசையை விமர்சிப்பதோடு சரி.

இதற்குக் காரணம் உண்டு. நாம் தரையில் உட்கார்ந்து பழகியவர்கள். பாய், மணை, திண்ணை, கொஞ்சம் வசதியிருந்தால் ஊஞ்சல். நாற்காலி நம் ஊருக்கு அதிகாரத்தோடு வந்தது. கலெக்டர் உட்காருவார், மற்றவர்கள் நிற்பார்கள். வீட்டுக்குள் நுழைந்த பிறகும் அதே கதைதான். கட்டையில் கோத்த கான்வாஸ் துணி தொங்கும் ஈஸி சேர் தாத்தாவுடையது. அவர் இல்லாத நேரத்தில் பேரன் ஏறி ஆடுவான், பாட்டி ஏறமாட்டாள். யார் உட்காரலாம், யார் நிற்கவேண்டும் என்பது நம் ஊரில் வெறும் மரச்சாமான் சமாசாரம் இல்லை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இந்த வாரம் ஒரு நாற்காலியை விமர்சனம் செய்யலாம் என்றிருக்கிறேன். பெயர் ‘லேடி’. ஊர் இத்தாலியில் மிலான். வருடம் 1951. உருவாக்கியவர் மார்கோ ஜனூசோ. ‘மிலான் நாற்காலிக்கும் மாம்பலத்துக்கும் என்ன சம்பந்தம்’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்களிடம் கார் இருந்தால், அல்லது ஒரு தடவையாவது கால் டாக்ஸியில் போயிருந்தால், அந்த நாற்காலியின் பேரப்பிள்ளை மடியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்தப் பேரப்பிள்ளை நம்ம இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் பிறந்திருக்கவும் நிறைய வாய்ப்பு உண்டு.

*

லேடி வருவதற்கு முன்னால் ஒரு நல்ல சோபாவின் வயிற்றைக் கிழித்துப் பார்த்திருந்தால் உள்ளே ஒரு குடித்தனமே இருந்திருக்கும். மரச்சட்டம், அதன் குறுக்கே சணல் பட்டை, பட்டைமேல் இரும்புச் சுருள்கள், சுருள்களைச் சேர்த்துக் கட்டிய சரடு, அதன்மேல் குதிரை முடி அல்லது தேங்காய் நார், அதற்கும் மேல் பஞ்சு, கடைசியில் துணி. ஒவ்வொன்றையும் ஒரு கைதேர்ந்த ஆள் இழுத்துக் கட்டி, தட்டி, தைத்து முடிக்க நாள் கணக்கில் ஆகும். இன்றைக்கும் ‘குஷன் ஒர்க்ஸ்’ போர்டு மாட்டிய கடைகளில் பழைய சோபா மல்லாந்து கிடக்கும்போது எட்டிப் பார்த்தால் இந்தக் குடல்களைக் காணலாம்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த இத்தாலி. மிலானில் டயர் கம்பெனி பிரெல்லி. அவர்களிடம் ரப்பர் நுரை இருந்தது. நமக்கு இது அந்நியமில்லை. இலவம்பஞ்சு மெத்தையிலிருந்து நாம் மாறியபோது அதற்கு ‘டன்லப் மெத்தை’ என்றுதானே பெயர் வைத்தோம்? அதே டன்லப் கம்பெனிதான் 1929-ல் இங்கிலாந்தில் ரப்பர் பாலை நுரைக்க வைத்து மெத்தையாக்கும் வழியைக் கண்டுபிடித்தது. செய்முறை ஏறக்குறைய சமையல் குறிப்பு. ரப்பர் மரத்துப் பாலில் சோப்புச் சரக்கு கலந்து, முட்டையின் வெள்ளைக்கருவை அடிப்பதுபோல் அடிக்க வேண்டும். நுரை பொங்கியதும் அச்சில் ஊற்றி, கெட்டிப்பட வைத்து, கந்தகத்தின் துணையோடு வேகவைக்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் சிரட்டையில் சொட்டுகிறதே, அதே பால்தான்.

சரக்கு கையில் இருந்தது. அதை வைத்து என்ன செய்வது என்பதுதான் பிரெல்லியின் கேள்வி. 1948-ல் அந்தக் கேள்வியோடு அவர்கள் போய் நின்றது ஜனூசோவிடம்.

ஜனூசோ 1916-ல் மிலானில் பிறந்தவர். அங்கேயே பாலிடெக்னிக்கில் ஆர்க்கிடெக்சர் படித்து 1939-ல் வெளியே வந்தார். வந்ததும் யுத்தம். அதன் பிறகு ‘தோமுஸ்’, ‘கஸபெல்லா’ என்ற இரண்டு கட்டடக்கலைப் பத்திரிகைகளின் ஆசிரியர் குழுவில் வேலை. எழுதவும் தெரிந்த ஆர்க்கிடெக்ட் என்பதால் ஒரு நல்லது நடந்தது. கொடுத்த கேள்வியை அப்படியே வாங்கிக்கொள்ளாமல் கொஞ்சம் திருப்பிப் பார்த்தார். பழைய சோபாவில் குதிரை முடியை உருவிவிட்டு ரப்பரைத் திணித்தால் வேலை முடிந்தது என்று வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். ஜனூசோ, ரப்பர் உள்ளே வந்துவிட்டால் சோபா ஏன் பழைய சோபா மாதிரியே இருக்கவேண்டும் என்று கேட்டார்.

பிரெல்லியின் தூண்டுதலில் ஆர்ஃப்ளெக்ஸ் என்றொரு கம்பெனி உருவாகியிருந்தது. அதற்காக 1949-ல் ‘ஆந்த்ரோபுஸ்’ என்று முதல் நாற்காலி. அது ஒத்திகை. 1951-ல் ‘லேடி’. அந்த வருடம் மிலானில் நடந்த ஒன்பதாவது த்ரியெனாலே கண்காட்சியில் அதற்குத் தங்கப் பதக்கம்.

*

இனி விமர்சனம்.

முதலில் முகம். லேடியைப் பக்கவாட்டில் பாருங்கள். கைப்பிடி கிட்னி வடிவத்தில், ஒரு பெரிய முந்திரிப் பருப்பை நிறுத்தி வைத்தாற்போல் இருக்கிறது. முதுகு லேசாகச் சாய்ந்து, ஓரங்கள் உருண்டு வருகிறது. கீழே நான்கு ஒல்லியான உலோகக் கால்கள். உடம்பு குண்டு, கால் குச்சி. கல்யாண வீட்டில் பட்டுப்புடவையில் வந்து இறங்கும் ஒரு பெரியம்மா, ஹை ஹீல்ஸில் நடந்து வந்தால் எப்படியிருக்கும்? அப்படி. சிரிப்பு வருகிறது, ஆனால் விழவில்லை. கம்பீரமாகத்தான் நிற்கிறாள்.

இரண்டாவது வயிறு. இங்கேதான் விஷயம் இருக்கிறது. லேடி ஒரே சாமான் இல்லை, நான்கு சாமான். முதுகு தனி, இருக்கை தனி, இரண்டு கைகளும் தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனி ரப்பர், தனி உறை. நான்கையும் தனித்தனியாக முடித்துவிட்டுக் கடைசியில் ஒன்றாகச் சேர்த்து முடுக்குகிறார்கள். இரும்புச் சுருளுக்குப் பதிலாக இருக்கையின் கீழே ரப்பர் பட்டைகள், டயருக்குள் நூலை வைத்து வலுவேற்றும் அதே வித்தையில் செய்தவை. ரப்பர் நுரையும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கிடையாது. எடை அதிகம் விழும் இடத்தில் கெட்டி, மற்ற இடத்தில் மெது.

‘இதில் என்ன பிரமாதம்?’ என்று கேட்பீர்கள். பழைய சோபாவை ஓர் ஆள் முதலிலிருந்து கடைசிவரை கட்டவேண்டும். அவருக்குக் காய்ச்சல் என்றால் சோபாவுக்கும் காய்ச்சல். லேடியை நான்கு மேஜைகளில் நான்கு பேர் ஒரே நேரத்தில் செய்யலாம். அதாவது அது பிறக்கும்போதே தொழிற்சாலைக்காகப் பிறந்த நாற்காலி. கைப்பிடி ஏன் முந்திரி மாதிரி இருக்கிறது என்றால், ரப்பர் நுரைக்குக் கூரான மூலைகள் பிடிக்காது. வளைவில்தான் அதன்மேல் துணி சுருக்கமில்லாமல் உட்காரும். அழகுக்காக வளைத்தது இல்லை. வளையவேண்டிய பொருளை வளையவிட்டார், அழகு வந்து சேர்ந்தது.

நம் ஹால்களில் இருக்கும் சோபா செட்டுகளை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளே இருப்பது மலிவான ஃபோம். வெளியே கிரீடம், சிங்கமுகம், ராஜா காலத்து வளைவுகள். ஃபோமுக்கும் சிங்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரு பொருள் தான் எதனால் ஆனது என்பதை மறைக்கப் படாதபாடு படுகிறது. லேடியின் பெருமை, தான் ரப்பர் என்பதில் அவளுக்கு வெட்கமில்லாதது.

குறைகளும் உண்டு. கைகள் இரண்டு பக்கமும் அணைத்துக்கொள்வதால் சம்மணம் போட்டு உட்கார வழியில்லை. நம்மில் பாதிப்பேர் சோபாவிலேயே காலை மடக்கிக்கொள்கிறவர்கள். உடம்பை இந்த மாதிரி வை என்று நாற்காலி உத்தரவு போடுகிறது. ரப்பருக்கும் ஆயுசு கம்மி. பழைய லாடெக்ஸ் நுரை காற்றுப்பட்டு, வெளிச்சம் பட்டுக் காய்ந்து, கடைசியில் பிஸ்கட் மாதிரி உதிரும். ‘விண்டேஜ்’ என்று ஆசைப்பட்டு 1950-களின் லேடியை ஏலத்தில் எடுப்பவர்கள் பல சமயம் உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டுப் புது நுரை போட வேண்டியிருக்கிறது. துணியும் புதிது. அப்புறம் அசல் என்று மிச்சமிருப்பது என்ன? சட்டமும் பெயரும்தான்.

*

இப்போது இருங்காட்டுக்கோட்டைக்குப் போவோம்.

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூர் வருவதற்குச் சற்று முன்னால். ரேஸ் பார்க்கிற இளைஞர்களுக்கு 1990-ல் வந்த கார்ப் பந்தயத் தடத்தால் இந்த ஊரைத் தெரியும். மற்றவர்களுக்கு ஹூண்டாயால் தெரியும். 1996-ல் கம்பெனி இந்தியாவில் கால் வைத்தது. 1998 செப்டம்பரில் இங்கிருந்து ‘சான்ட்ரோ’ வெளியே வந்தது. பிறகு அந்தச் சாலையும் ஒரகடம் பக்கமும் எப்படி மாறின என்பது உங்களுக்கே தெரியும். ஷிஃப்ட் பஸ்கள், கன்டெய்னர் லாரிகள், சீருடையில் டீ குடிக்கும் பையன்கள்.

இங்கே இத்தாலி வாசம் எங்கே என்று கேட்டால், ஒரு நேர் வழி இருக்கிறது. ஹூண்டாயின் சொந்த மாடல் என்று சொல்லத்தக்க முதல் கார் ‘போனி’. அதை வரைந்து கொடுத்தவர் ஜார்ஜெட்டோ ஜுஜாரோ என்ற இத்தாலியர். 1974-ல் துரின் கண்காட்சியில் வைத்தார்கள், அடுத்த வருடம் உற்பத்தி. கொரியாக்காரர்கள் கார் கட்டக் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடத்தில் ஓர் இத்தாலிய வாத்தியார் இருந்தார். நமக்கும் இத்தாலி தூரத்து உறவுதான். பிரீமியர் பத்மினி ஃபியட்டின் மகள், பழைய பஜாஜ் ஸ்கூட்டர் வெஸ்பாவின் மகன், லாம்பி என்று செல்லமாக அழைத்தது லாம்ப்ரெட்டா.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு வழி. காரின் இருக்கை.

ஒரு கார் இருக்கை எப்படி உருவாகிறது என்று பாருங்கள். எஃகுச் சட்டம் ஓரிடத்தில் வெல்டிங் ஆகிறது. நுரை வேறிடத்தில். இப்போது ரப்பர் பால் போய்விட்டது, பாலியூரித்தேன் வந்துவிட்டது. இரண்டு திரவங்களைக் கலந்து சூடான அச்சில் ஊற்றி மூடுகிறார்கள். சில நிமிஷங்களில் பொங்கி, அச்சின் வடிவத்தில் இறுகி, இட்லித் தட்டிலிருந்து எடுப்பதுபோல் எடுக்கிறார்கள். முதுகு தனி, இருக்கை தனி. உறையை வேறொரு ஷெட்டில் வெட்டித் தைக்கிறார்கள். கடைசியில் சட்டத்தில் நுரையைப் பொருத்தி, உறையை இழுத்து மாட்டி, முதுகையும் இருக்கையையும் போல்ட் போட்டுச் சேர்க்கிறார்கள். எந்தக் காருக்கு எந்தக் கலர் என்ற வரிசைப்படி அது கார் லைனுக்குப் போய்ச் சேருகிறது.

தனித்தனிப் பாகம். இடத்துக்குத் தக்க நுரை. கடைசியில் சேர்ப்பு. லேடியின் ஜாதகம் அப்படியே இருக்கிறது. கார் இருக்கை லேடியின் நேர் வாரிசு என்று பிறப்புச் சான்றிதழ் எதுவும் காட்ட முடியாது. பல ஊர்களில் பல இன்ஜினீயர்கள் சேர்ந்து வளர்த்த பிள்ளை அது. ஆனால் ‘உட்காரும் சாமானைத் தொழிற்சாலை கட்டட்டும், அதற்குத் தகுந்த உருவத்தை நாம் கொடுப்போம்’ என்று ஒரு வீட்டு நாற்காலியில் தெளிவாகச் சொன்ன முன்னோடிகளில் ஜனூசோ ஒருவர். முக ஜாடையை வைத்துப் பேரன் என்கிறேன்.

அவருடைய மற்ற வேலைகளையும் பார்த்தால் ஜாடை இன்னும் துலங்குகிறது. ரிச்சர்ட் ஸாப்பர் என்ற ஜெர்மானியரோடு சேர்ந்து ‘லாம்ப்டா’ என்று ஒரு நாற்காலி செய்தார், தகட்டை அழுத்தி வளைத்து ஸ்பாட் வெல்டிங் செய்து. கார் பாடி செய்யும் அதே முறை. இருங்காட்டுக்கோட்டையில் பிரெஸ் ஷாப்பில் வேலை பார்க்கும் தம்பி அதைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வான். அதே இருவரும் 1964-ல் கார்ட்டெல் கம்பெனிக்காகக் குழந்தைகள் நாற்காலி ஒன்று செய்தார்கள். முழுக்க பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கை அச்சில் செலுத்தி வார்த்தது. ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக் குழந்தைகள் கோட்டை கட்டி விளையாடலாம். நம் கல்யாண மண்டபங்களிலும் டீக்கடைகளிலும் அடுக்கடுக்காய் நிற்கிற பிளாஸ்டிக் சேருக்கு இது பெரியப்பா முறை. தவிர, போர்லெத்தி கம்பெனிக்காக அவர் வடிவமைத்த தையல் மெஷின் 1956-ல் இத்தாலியின் பெரிய டிசைன் பரிசை வாங்கியது. பரிசின் பெயர் ‘கொம்பாஸோ தோரோ’, அதாவது தங்கக் கவராயம். நம் ஜியோமிதி டப்பாவில் பென்சில் செருகி வட்டம் போடுவோமே, அது.

ரப்பர், தகடு, பிளாஸ்டிக், தையல். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையில் இருபுறமும் உள்ள ஷெட்டுகளில் என்ன நடக்கிறது என்று கேட்டால் இந்த நாலும் அந்தப் பட்டியலில் வந்துவிடும். ஒரு மனிதர் இந்த நாலையும் தொட்டு நாலுக்கும் ஒரு முகம் கொடுத்திருக்கிறார். 2001-ல் மிலானில் காலமானார். நம் பத்திரிகைகளில் ஒரு மூலையில்கூட இரங்கல் வந்த ஞாபகம் இல்லை. அதில் ஆச்சரியமும் இல்லை. ‘உங்கள் கார் சீட்டை டிசைன் செய்தது யார்?’ என்று கேட்டால் யாருக்குத் தெரியும்?

*

இங்கேதான் ஜனூசோவோடு எனக்குச் சண்டை.

தொழிற்சாலையில் செய்தால் விலை இறங்கும், விலை இறங்கினால் எல்லாரும் உட்காரலாம் என்பதுதான் அந்தக் காலத்து இளம் ஆர்க்கிடெக்ட்களின் கனவு. யுத்தத்தில் வீடிழந்த மக்களுக்கு மத்தியில் பிறந்த கனவு. லேடியைப் பொறுத்தவரை அது பலிக்கவில்லை. இன்றைக்குக் கஸ்ஸீனா என்ற கம்பெனி அதை மறுபடி தயாரித்து விற்கிறது. விலையைக் கேட்டால் நின்றுகொண்டே இருந்துவிடலாம் என்று தோன்றும். ஒரு சின்னக் காரின் விலையோடு ஒப்பிட்டுப் பேசுகிற அளவு. எளிய மக்களுக்கென்று யோசித்த நாற்காலி, கோடீஸ்வரர் வீட்டு ஹாலில் புகைப்படத்துக்குப் போஸ் கொடுக்கிறது.

இந்த வியாதி இத்தாலிக்கு மட்டும் சொந்தமில்லை. லேடி பிறந்த அதே 1951-ல் பியர் ஜான்னரே என்ற சுவிஸ்காரர் சண்டிகருக்கு வந்தார். கார்பூசியேயின் ஒன்றுவிட்ட சகோதரர். அங்கே சர்க்கார் ஆபீஸ்களுக்கும் கல்லூரிகளுக்கும் தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலிகள் செய்வித்தார். கவராயத்தை நிறுத்தினாற்போல் கால்கள். குமாஸ்தாக்கள் உட்கார்ந்து தேய்த்தார்கள். பிரம்பு கிழிந்ததும் மொட்டை மாடியில் குவித்தார்கள், பழைய சாமான் ஏலத்தில் அற்ப விலைக்குத் தள்ளினார்கள். வாங்கியவர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்ச் செப்பனிட்டு லட்சக்கணக்கில் விற்றார்கள். விழித்துக்கொண்டு மத்திய உள்துறை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது 2011-ல். நாற்காலி அதேதான். மாடியில் கிடந்தபோது அதில் பெயர் ஒட்டியிருக்கவில்லை. பெயர் ஒட்டியதும் விலை ஏறிவிட்டது.

ஆகவே மார்க் போடச் சொன்னால், நாற்காலிக்கு 80. கொடுத்த வாக்குறுதிக்கு 35, ஜஸ்ட் பாஸ். அந்த 35-ம் லேடி சம்பாதித்தது இல்லை. அவளுடைய பெயரில்லாத பேரப்பிள்ளைகள் சம்பாதித்துக் கொடுத்தது. வாடகைக் கார் ஓட்டுகிறவரின் முதுகைப் பன்னிரண்டு மணி நேரம் தாங்குகிற கார் இருக்கையும், இருநூறு பேர் கல்யாணத்தில் வாடகைக்கு வந்து இறங்கும் பிளாஸ்டிக் சேரும்.

*

ஆரம்பத்தில் ஒன்றை ஞாபகத்தில் வைக்கச் சொன்னேன்: யார் உட்காரலாம், யார் நிற்கவேண்டும்.

கார் இருக்கைகள் லட்சக்கணக்கில் உருவாகிற இந்தத் தொழில் வட்டாரத்தில், கார் லைனில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டு வேலை செய்கிறார்கள். உறை தைக்கிற பெண்களுக்கு உட்கார இடமுண்டு. பல இடங்களில் அது முதுகு சாய வழியில்லாத ஸ்டூல். கார் இருக்கையின் சாய்மானத்துக்கு எத்தனை டிகிரி வேண்டும், இடுப்புக்கு எங்கே மேடு வேண்டும் என்று அங்குலம் அங்குலமாக ஆராய்கிறோம். அதைத் தைக்கிறவர் உட்காரும் ஸ்டூலை யார் ஆராய்ந்தார்கள்?

சட்டம் இல்லாமல் இல்லை. 1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டத்தின் 44-வது பிரிவே, நின்று வேலை செய்கிறவர்களுக்கு இடைவேளை கிடைக்கும்போது உட்கார வசதி செய்து தரவேண்டும் என்றது. 2020-ல் நிறைவேறிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்த வசதி இடம்பெறுகிறது. கடைகளுக்கு இது தாமதமாகத்தான் வந்தது. கோழிக்கோட்டில் மிட்டாய்த்தெரு ஜவுளிக்கடைப் பெண்கள் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பாகத் திரண்டு ‘எங்களை உட்கார விடுங்கள்’ என்று கேட்டார்கள். கேட்டது சம்பள உயர்வு மட்டுமில்லை, ஒரு ஸ்டூல். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிற எல்லாருக்கும் இருக்கை வசதி கட்டாயம் என்றது. ‘அங்காடித் தெரு’ படம் 2010-ல் வந்தது. அதைப் பார்த்துக் கலங்கிய நமக்கு அந்தப் பெண்களுக்கு ஒரு ஸ்டூல் வேண்டும் என்று சட்டத்தில் எழுதப் பதினோரு வருடம் ஆனது.

சட்டம் ‘இருக்கை வசதி’ என்கிறது. எப்படிப்பட்ட இருக்கை? அங்கேதான் ஒரு ஜனூசோ தேவைப்படுகிறார். நின்று வேலை செய்கிறவருக்குப் பாதி நின்று பாதி சாய உதவுகிற ஓர் இருக்கை, கல்லாவுக்கும் ரேக்குக்கும் நடுவிலுள்ள இரண்டடி சந்தில் மடங்கி நிற்கிற ஓர் இருக்கை, தையல்காரப் பெண்ணின் இடுப்பைத் தாங்குகிற ஓர் இருக்கை. இதெல்லாம் கஷ்டமான டிசைன் கணக்குகள். மிலானில் 1948-ல் கேட்ட கேள்வியைவிடக் கஷ்டம், ஏனென்றால் விலை ஆயிரம் ரூபாய் சொச்சத்தைத் தாண்டக்கூடாது.

சாமக்கிரியை எல்லாம் இங்கேயே இருக்கிறது. நுரை ஊற்றத் தெரிந்தவர்கள், தகடு அழுத்தத் தெரிந்தவர்கள், பிளாஸ்டிக் வார்க்கத் தெரிந்தவர்கள், தைக்கத் தெரிந்தவர்கள். அகமதாபாத்தில் 1961-லிருந்து தேசிய டிசைன் கழகம் இருக்கிறது. அது பிறக்கக் காரணமான அறிக்கையை எழுதிய சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி, 1958-ல் இந்தியா பூராவும் சுற்றிவிட்டு மெச்சிக்கொண்டது எதை? தாஜ்மகாலை அல்ல, சாதாரண சொம்பை. இடுப்பில் எப்படி உட்காருகிறது, எப்படி ஊற்றுகிறது, கழுவ எப்படி வசதி என்று. ஒரகடத்திலிருந்து வண்டலூர் போய்க் கொஞ்சம் திரும்பினால் காஞ்சிபுரம் ஐ.ஐ.ஐ.டி.டி.எம். இருக்கிறது. அதன் பெயரிலேயே டிசைனும் உற்பத்தியும் சேர்ந்து இருக்கின்றன. சொம்பைப் பார்த்த கண்ணால் யாராவது ஒரு மாணவர் அந்த ஸ்டூலைப் பார்க்கக் கூடாதா?

நியாயமாகச் சொல்லவேண்டுமென்றால் ஜனூசோவுக்கு அந்தக் கண் இருந்தது. 1950-களில் ஒலிவெட்டி டைப்ரைட்டர் கம்பெனிக்காகத் தென் அமெரிக்காவில் தொழிற்சாலைகள் கட்டினார். புயனஸ் ஏர்ஸில் கட்டியதில் கூரையைத் தாங்கும் உத்தரங்களையே உள்ளே குடைவாக வைத்து, அதன் வழியாகக் குளிர்காற்றை உள்ளே அனுப்பினார். மெஷின் முன்னால் நிற்கிறவருக்கு வியர்க்கும் என்று கட்டடம் வரையும்போதே யோசித்த ஆள். நாற்காலி வரையும்போதும் அதே தொழிலாளியை யோசித்திருந்தால், லேடிக்கு ஒரு தங்கச்சி பிறந்திருப்பாள். அவளை மியூசியத்தில் வைத்திருக்கமாட்டார்கள். ஷிஃப்ட் மாறும்போது அடுத்த ஆள் அதில் வந்து உட்கார்ந்திருப்பார்.

*

விமர்சனம் என்றால் வாசகருக்கு ஏதாவது உபயோகம் வேண்டும். அடுத்த முறை சோபாவோ நாற்காலியோ வாங்கப் போகும்போது இதைச் செய்யுங்கள். முதலில் கவிழ்த்துப் பாருங்கள். கவிழ்க்க விடாத கடைக்காரரிடம் வாங்காதீர்கள். அடியில் பட்டை எத்தனை, எவ்வளவு நெருக்கம், சட்டம் மரமா பலகைத்தூளா என்று தெரியும். கைமுட்டியால் இருக்கையை அழுத்துங்கள். அடிப்பலகை கையில் தட்டினால் ஆறு மாதத்தில் உங்கள் எலும்பிலும் தட்டும். பிறகு உட்காருங்கள், பத்து நிமிஷம் முழுதாக. முதல் நிமிஷத்தில் எல்லா நாற்காலியும் சுகம்தான். ஐந்தாவது நிமிஷத்தில் இடுப்பு பேச ஆரம்பிக்கும். பாதம் தரையில் படுகிறதா, முழங்காலுக்குப் பின்னால் இருக்கையின் விளிம்பு வெட்டுகிறதா என்று கவனியுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களை அழைத்துப்போய் உட்காரவைத்து, கை கொடுக்காமல் எழுந்திருக்க முடிகிறதா என்று பாருங்கள். சிங்கமுகம், கிரீடம் எல்லாம் இருந்தால் விலையில் பேரம் பேசுங்கள். அதற்கும் உங்கள் முதுகுக்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்று. நீங்கள் அந்தப் பத்து நிமிஷம் உட்கார்ந்திருக்கும்போது, உங்களுக்கு நாற்காலி காட்டிய பெண் பக்கத்திலேயே நிற்பார். கடை பூராவும் நாற்காலி இருக்கும். அதில் எது அவர் உட்காருவதற்கு என்று கேட்டுப் பாருங்கள்.